தவறாமல் பார்க்க வேண்டிய ஏழாவது மாமனார்

தன் மாமனார் ஒரு சுற்றுலாத் தலம் என்பது பல்லு மாப்பிள்ளைக்கு ஒரு புதன்கிழமை சாயங்காலம் நாலேகால் மணிக்குத்தான் தெரியவந்தது. அதுவரை அவரை வெறும் மாமனார் என்றே நினைத்து, அதற்குத் தகுந்த அளவில் பயந்துகொண்டிருந்தான்.

பல்லு மாப்பிள்ளை என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். தொழில் பல் செட் செய்வது. வசிப்பது மாமனார் வீட்டில். ஊரிலுள்ள பல் டாக்டர்கள் நோயாளிகளின் வாயை அச்செடுத்து அவனுக்கு அனுப்புவார்கள். துறைமுகத்தை ஒட்டிய தெருவில், அந்த வீட்டின் கீழ்முன்னறையில் உட்கார்ந்து, முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் அவன் பல் கட்டிக்கொண்டிருப்பான். மாடியில், கடலைப் பார்த்த பால்கனியில், மாமனார் உட்கார்ந்திருப்பார்.

அவர் முப்பத்தெட்டு வருஷம் துறைமுகத்தில் இழுவைப் படகுகளுக்கு என்ஜின் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு கண்ணிலும் புரை. கடல் இருக்கும் திசையில் ஒரு வெளிச்சம் தெரியும், அவ்வளவுதான். ஆனாலும் காலைச் சாப்பாடு முடிந்ததும் கை வைத்த பனியனோடு நாற்காலியில் போய் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை அசையமாட்டார். போகிற வருகிற படகுகளின் என்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். அசைந்தால் நாற்காலி கிறீச்சிடும். கிறீச்சிட்டால் எந்தப் படகுக்கு என்ன வியாதி என்று பிடிபடாமல் போய்விடும். அதற்காகத்தான் அந்த அசையாமை. இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

அந்தப் புதன்கிழமை மாப்பிள்ளை ஒரு மேல்வரிசைப் பல்லை அரம் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். வாசலில் கசகசவென்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தான். மஞ்சள் தொப்பி போட்ட நாற்பது பேர் தெருவில் நின்றுகொண்டு அவன் வீட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் ஒரு வழிகாட்டிப் பெண் கையில் மைக்கோடு நின்றாள்.

"மேலே பாருங்கள். நமது நகரில் தவறாமல் பார்க்க வேண்டிய பத்து இடங்களில் இது ஏழாவது. 'கடலை நோக்கும் கிழவர்'. நூற்றைம்பது ஆண்டுகள் பழமையானது. சிற்பியின் பெயர் தெரியவில்லை. அந்தக் கண்களைக் கவனியுங்கள். மங்கிய, இமைக்காத கண்கள். கரை தேடும் மனித குலத்தின் ஏக்கம் முழுவதும் அந்தக் கண்களில் உறைந்திருக்கிறது."

"பனியன்கூடக் கல்லுலயா செஞ்சிருக்காங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"ஆமாம். தோள்பட்டையில் இருக்கும் கிழிசல்கூட ஒரே கல்லில் செதுக்கப்பட்டது."

அப்போது மனித குலத்தின் ஏக்கம் முதுகைச் சொறிந்துகொண்டது. "மாப்ளே! யாரு கீழ கத்தறது? டீ கேட்டு எவ்வளவு நேரமாச்சு?"

நாற்பது பேரும் வழிகாட்டியைப் பார்த்தார்கள். அவள் கண்கூட இமைக்கவில்லை. "கடற்காற்று காரணமாக இங்கே சில ஒலிகள் எழுவதுண்டு. அடுத்த இடத்துக்குப் போகலாமா?" என்றாள்.

மாப்பிள்ளை ஓடிப்போய் அவளை மறித்தான். அவள் பதில் சொல்லாமல் ஒரு வழவழப்பான புத்தகத்தை அவன் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள். சுற்றுலாத் தல வாரியம் வெளியிட்டது. ஏழாம் பக்கத்தைத் திருப்பினான். வாரியத்தின் போட்டோகிராபர் எப்போதோ கடலில் படகிலிருந்து எடுத்த படம். சந்தேகமே இல்லை. அதே நாற்காலி, அதே பனியன், கொடியில் அவனுடைய சொந்த லுங்கி. லுங்கிக்குக் கீழே, 'பின்னணியில் மரபுச் சின்னமான கொடி' என்று போட்டிருந்தது.

அன்று சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னான். அவன் மனைவி கண் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எதையும் ஒரு தடவைக்கு மேல் சொல்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

"நாளைக்கே போய் அந்தப் பட்டியல்லேர்ந்து எடுக்கச் சொல்லிட்டு வாங்க," என்றாள். "அடுத்த வியாழக்கிழமை அப்பாவுக்கு ஆபரேஷன். வெளியூர்லேர்ந்து வர்ற பெரிய டாக்டர்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி வாங்கின தேதி. இதை விட்டா மூணு மாசம். அதுக்குள்ள புரை முத்திடும்னு சொல்லிட்டாரு. நடுவுல இந்தக் கூத்து வேண்டாம்."

"என்னைப் போய் சிலைன்னு எவன் சொன்னது?" என்றார் மாமனார். "மாப்ளே, நீங்க போய் நாலு வார்த்தை சூடா கேளுங்க. உங்களுக்கு சூடா பேச வராது, தெரியும். இருந்தாலும் போங்க."

மறுநாள் காலை மாப்பிள்ளை வாரியத்துக்குப் போனான். கடற்கரைச் சாலையில் நாலு மாடிக் கட்டடம். கடலைப் பார்த்த ஜன்னல்களை எல்லாம் மூடி, அவற்றின்மேல் கடலின் படத்தை ஒட்டியிருந்தார்கள். தலைவரின் அறையில் குளிர் எலும்பைத் தொட்டது. தலைவர் அகலமானவர், அன்பானவர். யார் பேசினாலும் முடியும்வரை கண்ணை மூடிக் கேட்பவர். சில சமயம் முடிந்த பிறகும் திறக்கமாட்டார்.

"சார், ஏழாவது இடம் சிலை இல்லீங்க. என் மாமனார்."

"சந்தோஷம்," என்றார் தலைவர். "உரிமை கொண்டாட நிறைய பேர் வருவாங்க. கலங்கரை விளக்கத்தைத் தன் தாத்தா சொத்துன்னு ஒருத்தர் வந்தார்."

"உரிமை இல்லீங்க. அவர் உயிரோட இருக்கார்."

தலைவர் கண்ணைத் திறந்தார். "அத்தாட்சி இருக்கா?"

"பென்ஷன் ஆபீஸ்ல வருஷா வருஷம் உயிர்ச் சான்று குடுக்கறோமே சார்."

"அது பென்ஷனுக்கு உயிரோட இருக்கார். எங்களுக்கு எப்படி உயிரோட இருப்பார்? அது வேற துறை." தலைவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "தம்பி, ஒரு விஷயம் புரிஞ்சிக்கணும். பத்து இடம் இருந்தாத்தான் அது நகரம். ஒன்பதுன்னா, வண்டி நின்னு டீ குடிச்சிட்டுப் போற ஊரு. எங்களுக்கு ஒன்பது தேறிச்சு. அதுவே பெரும்பாடு. ஒன்பதுல மணிக்கூண்டு ஓடாது, அருங்காட்சியகம் திறக்காது, மீன் கண்காட்சியில மீன் கிடையாது, கண்ணாடித் தொட்டி இருக்கு. அப்பத்தான் போட்டோகிராபர் உங்க மாமனாரைக் கொண்டு வந்தார். குழுவுல அத்தனை பேரும் எழுந்து நின்னு கை தட்டினோம்."

"யாராவது நேர்ல வந்து பார்த்தீங்களா சார்?"

"நேர்ல பார்க்கக் கூடாதுங்கறது என் கொள்கை," என்றார் தலைவர் பெருமையாக. "பதினோரு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். பத்துல ஒரு இடத்தைக்கூட நான் பார்த்ததில்ல. பார்த்துட்டா இது நல்லா இருக்கு, அது நல்லா இல்லன்னு மனசு சாஞ்சிடும். நடுநிலைமை போயிடும்."

தலைவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு கேக்கறேன். நீங்க வீட்டோட மாப்பிள்ளைதானே? மாமனார் சிலையாயிட்டா உங்களுக்கு என்ன நஷ்டம்? யோசிச்சுப் பாருங்க. எத்தனை மாப்பிள்ளைங்க இந்த வசதிக்கு ஏங்கிட்டிருக்காங்க!"

மாப்பிள்ளை யோசித்துப் பார்த்தான். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அந்த யோசனை அவனுக்கு இதமாகவே இருந்தது. பிறகு வெட்கமாகப் போய்விட்டது. "எடுத்துடுங்க சார்," என்று மட்டும் சொன்னான்.

"ஆய்வாளரை அனுப்பறேன். அவர் பார்த்துச் சொல்லட்டும்."

தல ஆய்வாளர் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டார். கையில் அளவு நாடா, பிரஷ், அட்டையில் குத்திய படிவம். மாடிக்குப் போனார். மாமனாரைச் சுற்றி மூன்று முறை நடந்தார். தலையிலிருந்து கால்வரை அளந்தார். பிரஷ்ஷால் காதுக்குப் பின்னால் தூசு தட்டினார்.

"யோவ்! கூசுதுய்யா!" என்றார் மாமனார்.

'ஒலி எழுப்புகிறது' என்று ஆய்வாளர் எழுதிக்கொண்டார்.

"நான் சிலைன்னா உனக்கு எப்படிய்யா பதில் சொல்றேன்?"

"அதைத்தான் சார் நானும் குறிப்புல எழுதறேன்," என்றார் ஆய்வாளர் மரியாதையாக. "எனக்கு உங்க மேல ஒரு வருத்தமும் இல்ல. படிவத்துல கல்லு, வெண்கலம், சிமெண்டு மூணுதான் இருக்கு. நீங்க எதுலன்னு சொன்னா டிக் போட்டுட்டுப் போயிட்டே இருப்பேன்."

"ரத்தமும் சதையும்னு போடு."

ஆய்வாளர் கொஞ்ச நேரம் யோசித்து, 'கலவை' என்று எழுதி, பக்கத்திலேயே 'சிமெண்டாக இருக்கலாம்' என்றும் எழுதினார்.

அன்றே பால்கனிச் சுவரில் ஏழு என்று எண் போட்ட நீலத் தகடு அடித்தார்கள். வாசலில் ஒரு காவலாளியை உட்கார வைத்தார்கள். ஒரு சுற்றறிக்கையும் வந்தது. தலம் காலை பத்து முதல் மாலை ஆறு வரை இருப்பிடத்தில் இருக்க வேண்டும். வாரியத்தின் வார விடுமுறையான செவ்வாய்க்கிழமை மட்டும் மூடி வைக்கலாம். ஆனால் அன்றும் வளாகத்தை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. படத்தில் உள்ள தோற்றத்துக்கு மாறாக முகச்சவரம், வேறு பனியன் ஆகியவை தடை செய்யப்படுகின்றன. கொடியில் லுங்கி இருப்பதை வீட்டார் உறுதி செய்ய வேண்டும்.

காவலாளிக்கு ஒரே ஒரு வேலைதான். மணிக்கு ஒரு தடவை தெருவில் இறங்கி, மாடியை அண்ணாந்து பார்த்து, நோட்டில் 'இருக்கிறது' என்று எழுத வேண்டும். நல்ல மனுஷன். மற்ற நேரத்தில் மாமனாரோடு பேச்சுக் கொடுப்பார். அவருடைய மோட்டார் சைக்கிள் இருமுகிற சத்தத்தை வைத்தே அதற்கு என்ன கோளாறு என்று மாமனார் மேலே இருந்தபடி சொல்வார். காவலாளி சரிசெய்துகொண்டு வந்து, "பெரியவரே, கச்சிதமா சொன்னீங்க!" என்று நன்றி சொல்வார். சொல்லிவிட்டு நோட்டில் 'இருக்கிறது' என்று எழுதுவார்.

கூட்டம் நாளுக்கு நாள் பெருகியது. வாசலில் கருத்துப் பதிவேடு வைத்திருந்தார்கள். 'அருமை', 'பிள்ளைகளுக்குப் பிடித்தது' என்று பலர் எழுதினார்கள். 'சிலை தும்மியது, சுகாதாரக் குறைவு' என்று ஒருவர் எழுதினார். 'நான் போட்டோ எடுக்கும்போது சிலை எழுந்து பாத்ரூம் போய்விட்டது, இருபது நிமிடம் வீண்' என்று இன்னொருவர். அதற்கு வாரியத்திலிருந்து விளக்கம் கேட்டு மாப்பிள்ளைக்கு நோட்டீஸ் வந்தது. மனைவி அதைப் படித்துவிட்டு, மடித்து, ஆடுகிற சாப்பாட்டு மேஜையின் காலுக்கடியில் வைத்தாள். மேஜை ஆடுவது நின்றது. வாரியத்தால் அந்த வீட்டுக்கு உருப்படியாகக் கிடைத்தது அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை மாப்பிள்ளை மறுபடி வாரியத்துக்குப் போனான். இந்தத் தடவை அவன் எடுக்கச் சொல்லிக் கேட்கவில்லை. வியாழக்கிழமை ஒரே ஒரு நாள் வெளியே கூட்டிப் போக அனுமதி கேட்டான்.

"எதுக்கு?"

"கண் ஆபரேஷன் சார்."

தலைவருடைய முகம் மாறியது. புத்தகத்தை எடுத்து ஏழாம் பக்கத்தைத் திறந்து விரலை வைத்தார். "என்ன போட்டிருக்கு, படிங்க."

"மங்கிய, இமைக்காத கண்கள்..."

"அந்தச் சிலையோட உயிரே அந்தக் கண்ணுதான். அதைத் தெளிவாக்கிட்டா என்ன மிச்சம்? சும்மா ஒரு பெரியவர் பால்கனியில உட்கார்ந்திருக்கார்னு ஆயிடும்."

"சும்மா ஒரு பெரியவர்தான் சார் உட்கார்ந்திருக்கார்!"

"உணர்ச்சிவசப்படாதீங்க. புத்தகம் எட்டாயிரம் பிரதி அடிச்சாச்சு. ஒரு மனுஷன் கண்ணைத் திருத்தறது சுலபமா, எட்டாயிரம் புத்தகத்தைத் திருத்தறது சுலபமா?"

"கண்ணைத் திருத்தறதுதான் சார் சுலபம். இருபது நிமிஷம்தான் ஆகும்னு டாக்டரே சொன்னாரு."

இந்தப் பதிலைத் தலைவர் எதிர்பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். மாப்பிள்ளை கால் மணி நேரம் நின்று பார்த்தான். திறக்கவில்லை. உதவியாளர் வந்து அவனை மெதுவாக வெளியே அழைத்துப் போனார். "சிலைக்குக் கண் வேலை செய்யணும்னா சிற்பிகள் குழு இருக்கு. உளியோட வந்து பார்ப்பாங்க. எழுதிக் குடுங்க," என்றார்.

மாப்பிள்ளை எழுதிக் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது கூட்டம் கலைந்திருந்தது. அவன் நேராக மாடிக்குப் போனான். வழக்கமாக ஏதாவது ஒரு குறை சொல்லி வரவேற்கும் மாமனார் அன்று ஒன்றும் சொல்லவில்லை. காலடிச் சத்தத்தைக் கேட்டு முகத்தைத் திருப்பினார். இவன் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"நடக்காதா மாப்ளே?"

அவன் பால்கனித் தரையில் உட்கார்ந்தான்.

"நடக்கலைன்னா பரவாயில்ல," என்றார். "பழகிடுச்சு. ஆனா ஒண்ணு. கீழ நின்னு தினமும் ஏக்கம், ஏக்கம்னு அந்தப் பொண்ணு சொல்லுது பாருங்க. எனக்கு அப்படி ஒண்ணும் இல்லைன்னு நினைச்சிட்டிருந்தேன். நாலஞ்சு நாளா கேட்டுக் கேட்டு, நிஜமாவே வந்துடுச்சு. ஒரு தடவை எல்லாத்தையும் பார்த்துட்டா நல்லாயிருக்கும்."

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அந்த மனிதர் அவனிடம் தனக்காக ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. மாப்பிள்ளை இறங்கிவந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னான்.

அவள் கீழறையைச் சுற்றிப் பார்த்தாள். அலமாரி நிறைய அச்சுகள், மூட்டை மூட்டையாகப் பிளாஸ்டர் மாவு, தட்டில் வரிசையாகப் பற்கள்.

"வாயை மட்டும்தான் அச்செடுப்பீங்களா," என்று கேட்டாள், "முழு ஆளையும் எடுக்க வருமா?"

மறுநாள் செவ்வாய்க்கிழமை, விடுமுறை. மாமனாரை மேஜைமேல் படுக்க வைத்தார்கள். முகத்துக்கு எண்ணெய் தடவி, மூக்கில் இரண்டு குழாய் செருகி, மாப்பிள்ளை மாவைக் குழைத்துப் பூசினான்.

"மாமா, இருபது நிமிஷம் வாயைத் திறக்கக் கூடாது."

இருபது நிமிஷம் மாமனார் வாயைத் திறக்கவில்லை. அந்த வீட்டில் அப்படி ஓர் அமைதி அதற்கு முன்பு இருந்ததில்லை. மனைவி சமையலறையிலிருந்து இரண்டு தடவை எட்டிப் பார்த்து, அப்பா மூச்சு விடுகிறாரா என்று கவனித்துவிட்டுப் போனாள்.

பிறகு கைகளை எடுத்தான், பாதங்களை எடுத்தான். உடம்புக்கு மரச்சட்டத்தில் பஞ்சைச் சுற்றி மாவு பூசினான். புதன்கிழமை முழுக்க மேலே அசல் உட்கார்ந்திருக்க, கீழே நகல் உருவானது. ஈறுக்குப் பூசுகிற சாயத்தில் தோலுக்கு நிறம் கொடுத்தான். மூடியிருந்த இமைகளைச் செதுக்கி மங்கிய கண்களைத் திறந்து வைத்து, தாடையில் தாடி முளையைப் புள்ளி வைத்தான். மூக்கில் மட்டும் கொஞ்சம் பிசகிவிட்டது. குழாய் செருகியிருந்த இடம். மற்றபடி அச்சு அசல். இத்தனை வருஷம் அவன் அந்த முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. காதோரம் ஒரு வெட்டுத் தழும்பு இருப்பது அன்றுதான் தெரிந்தது. "என்ஜின் பெல்ட் அறுந்து அடிச்சது," என்றாள் மனைவி. "எனக்கு நாலு வயசு அப்ப. ஒரு மயிரிழை தள்ளிப் பட்டிருந்தா அப்பா இல்ல."

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு மாவு மாமனாருக்கு அந்தக் கிழிந்த பனியனைப் போட்டு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நிஜ மாமனார் முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளையின் கையைப் பிடித்தபடி வாசலில் இறங்கினார்.

காவலாளி எழுந்தார். "யாரு இவரு?"

"பல்லு செட்டு அளவு குடுக்க வந்தவர்," என்றான் மாப்பிள்ளை.

காவலாளி மாடியை அண்ணாந்து பார்த்தார். நோட்டில் 'இருக்கிறது' என்று எழுதினார். மோட்டார் சைக்கிள் இன்று சரியாக ஓடுகிறதா என்று கேட்க மாமனார் வாயைத் திறந்தார். மாப்பிள்ளை அவர் கையை இறுக்கினான். ஐந்தாறு நாளாகத் தினமும் பேசிப் பழகிய மனிதரைக் காவலாளி ஒரு கும்பிடு போட்டு வழியனுப்பி வைத்தார். சட்டை போட்டிருந்ததால் அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முதலில் ஒரு கண், நாலு நாள் கழித்து மறு கண். இரண்டாவது கட்டுப் பிரித்த அன்று மாமனார் முதலில் தன் மகளைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சாப்பிடறது எல்லாம் எங்க மாப்ளே போகுது?" என்று கேட்டார். அவருக்குப் பார்வை முழுதாகத் திரும்பிவிட்டது என்று மாப்பிள்ளைக்கு நிச்சயமானது.

இதற்கிடையே ஏழாவது இடத்தின் புகழ் எங்கேயோ போய்விட்டது. தும்மல் இல்லை, சொறிதல் இல்லை, பாத்ரூம் இல்லை. ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டு, 'ஒலி அடங்கியது. வாரியத்தின் பராமரிப்பால் தலம் தன் பழைய நிலையை அடைந்துள்ளது' என்று எழுதினார். தலைவர் மகிழ்ந்துபோய்ப் பாராட்டு விழாவுக்கே ஏற்பாடு செய்தார். அந்த வீட்டு வாசலில் பந்தல் போட்டார்கள். மேடை பால்கனிக்கு முதுகைக் காட்டி இருந்தது. தலைவருடைய கொள்கைக்குப் பங்கம் வரக் கூடாதே.

"பெரியோர்களே," என்றார் தலைவர் மைக்கில். "இந்தச் சிலை உயிரோடு இருப்பதாகச் சிலர் புரளி கிளப்பினார்கள். நாங்கள் பொறுமையாக இருந்தோம். எதையும் செய்யாமல் இருந்தோம். எதையும் செய்யாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று எங்களுக்குத்தான் தெரியும். இன்று பாருங்கள், சிலை சிலையாக இருக்கிறது. உயிரோடு இருக்கும் எதையும் முறையாகப் பராமரித்தால் இந்த நிலைக்குக் கொண்டுவர முடியும் என்பதை வாரியம் நிரூபித்திருக்கிறது."

கைதட்டல் அடங்குவதற்குள் பால்கனிக் கதவைத் திறந்துகொண்டு மாமனார் வந்துவிட்டார். ஒரு வாரமாக உள்ளறையில் அடைத்து வைத்திருந்த கோபம் அவருக்கு. மாவுச் சிலையின் தோளில் கையைப் போட்டு நின்று, "யோவ், இது நான் இல்லய்யா! நான்தான் நான்!" என்று கத்தினார்.

கூட்டம் அண்ணாந்து பார்த்தது. ஒரே முகம் இரண்டு. மாப்பிள்ளை பந்தல் காலைப் பிடித்துக்கொண்டான். ஜெயில்தான் என்று முடிவு செய்துவிட்டான். ஆய்வாளர் மாடிக்கு ஓடினார். புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் ஒப்பிட்டார். ஒன்று பனியன் போட்டிருந்தது, மற்றது சட்டை. ஒன்றுக்குத் தாடி முளைவிட்டிருந்தது, மற்றதுக்குச் சவரம். ஒன்றின் கண் மங்கியிருந்தது, மற்றது அவரையே முறைத்துப் பார்த்து இமைத்தது.

இறங்கிவந்து தலைவரின் காதில் சொன்னார். தலைவர் திரும்பிப் பார்க்காமலே அங்கேயே ஓர் உத்தரவு எழுதி, முத்திரை குத்தி, மாப்பிள்ளை கையில் கொடுத்தார்.

'மேற்படி நபர் ஏழாவது தலத்தின் போலி எனக் கண்டறியப்பட்டார். பார்வையாளர்கள் குழம்பாதிருக்கும் பொருட்டு, போலிகள் எவையும் பார்வை நேரத்தில் அசலிலிருந்து நூறு மீட்டருக்குள் காணப்படக் கூடாது.'

மாப்பிள்ளை உத்தரவை மாமனாருக்குப் படித்துக் காட்டினான். அவர் சண்டைக்குப் போவார் என்று பயந்தான். அவரோ அதைக் கையில் வாங்கி, கண்ணாடி இல்லாமல், தானே ஒரு தடவை வரி விடாமல் படித்தார். "ஆக, காலையில பத்துலேர்ந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் நான் வீட்டுலயே இருக்கக் கூடாது?"

"ஆமாம் மாமா."

"இருக்கச் சொன்னாலும் யாரு இருக்கப் போறா? ஊரைப் பார்க்கணும் மாப்ளே. ஏழு வருஷமா வெளிச்சத்தை மட்டும் பார்த்துட்டு இருந்தேன். அந்தப் புத்தகத்தை எடுங்க. முதல் பக்கத்துலேர்ந்து போவோம்."

அப்படித்தான் மறுநாள் காலை இரண்டு பேரும் புறப்பட்டார்கள். கலங்கரை விளக்கம் பூட்டியிருந்தது. மாமனார் பூட்டையே பத்து நிமிஷம் ரசித்துப் பார்த்தார். அதில் துரு படிந்திருக்கும் விதம் அவருக்குப் பிடித்திருந்தது. மீன் கண்காட்சியில் கண்ணாடித் தொட்டியில் தன் முகத்தைப் பார்த்து, "ரொம்பத்தான் வயசாயிடுச்சு," என்றார். மத்தியானம் மூன்று மணிவாக்கில் நான்காவது இடத்துக்கு வந்தார்கள். பழைய படகுத்துறை. 'குடை பிடித்த பெண்' என்று புத்தகத்தில் போட்டிருந்தது. 'வராத படகுக்காகக் காத்திருக்கும் காதலின் வடிவம். கருங்கல்.'

சின்ன மேடை ஒன்றின்மேல் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் உருவம் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் ஸ்டூலில் ஒரு காவலாளி தூங்கிக்கொண்டிருந்தார். மாமனார் அருகே போனார். ஒரு சுற்று சுற்றினார். பிறகு தலையைச் சாய்த்து, என்ஜின் சத்தம் கேட்பதுபோல் கேட்டார்.

"மாப்ளே," என்றார் மெல்ல. "மூச்சு வருது."

மாப்பிள்ளை புத்தகத்தைப் பிரித்து, 'கருங்கல்' என்பதை மறுபடி பார்த்தான்.

"அம்மா," என்றார் மாமனார், உருவத்தின் காதருகே. "சிமெண்டா, கலவையா?"

உருவம் உதட்டை அசைக்காமல் பேசியது. "கலவைன்னுதாங்க எழுதிட்டுப் போனாங்க. நான் மார்க்கெட்டுக்குப் போக படகுக்கு நின்னுட்டிருந்தேன். மழை தூறுச்சு, குடையைப் பிரிச்சேன். எவனோ போட்டோ எடுத்துட்டான்."

"எப்ப?"

"ரெண்டு வருஷம் இருக்கும். காலையில வரேன், ஆறு மணிக்கு வீட்டுக்கு விடுவாங்க. எங்க வீட்டுக்காரர் எழுதிக் குடுத்திருக்கார். பரிசீலனையில இருக்காம்."

மாமனாருக்கு முகம் சிவந்தது. ஆனால் கத்தவில்லை. மாப்பிள்ளையின் சட்டைப் பையிலிருந்து அந்த உத்தரவை உருவிக்கொண்டு போய்க் காவலாளியை எழுப்பினார்.

"என்னய்யா காவல் காக்கற? அசல் எங்க? இங்க போலியை நிக்க வச்சிருக்க?"

காவலாளி பதறி எழுந்தார். "போலியா?"

"பாரு, கண்ணை இமைக்குது. உத்தரவு படிச்சியா இல்லையா? போலிகள் எவையும். எவையும்னு போட்டிருக்கா? நூறு மீட்டர். முத்திரையைப் பார்த்துக்கோ."

காவலாளி முத்திரையைப் பார்த்தார். பேப்பரைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். அந்த அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் முகத்துக்கு நேராக ஒரு தடவை இமைத்தாள்.

"ஐயையோ, சீக்கிரம் கூட்டிட்டுப் போயிடுங்க சார்," என்றார் காவலாளி. "நாலு மணிக்கு வண்டி வந்துடும். என் வேலை போயிடும்."

மாப்பிள்ளை கை கொடுத்தான். அந்த அம்மா மேடையிலிருந்து இறங்கினாள். கால் மரத்துப்போய் முதலில் இரண்டு அடி தடுமாறினாள், பிறகு சரியாகிவிட்டது. மூன்று பேரும் நடந்தார்கள். காவலாளி பின்னாலிருந்து, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்," என்று கை காட்டிக்கொண்டே இருந்தார். நூறு மீட்டர் தள்ளி ஒரு சிமெண்ட் பெஞ்சு இருந்தது. அதில் உட்கார்ந்து அந்த அம்மா குடையை மடக்கினாள். மடக்கிய குடையை மடியில் வைத்துக்கொண்டு, பாதங்களை ஒன்றோடொன்று தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

நாலு மணிக்கு வண்டி வந்தது. மஞ்சள் தொப்பிக்காரர்கள் இறங்கினார்கள். வழிகாட்டிப் பெண் மைக்கைத் தூக்கினாள். வெறும் மேடையை ஒரு கணம் பார்த்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"'குடை பிடித்த பெண்'. கருங்கல்," என்று காற்றில் வந்தது அவள் குரல். "சிற்பி இங்கே பெண்ணையும் குடையையும் நம் கற்பனைக்கே விட்டுவிட்டார். அந்த வெறுமையைக் கவனியுங்கள்."

கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு முன்னே போனது. ஒருவர் தோளில் பிள்ளையைத் தூக்கிக் காட்டினார். கேமராக்கள் பளிச்சிட்டன. ஒரு ஜோடி மேடைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டது. அடுத்த ஜோடி இடத்துக்காகச் சண்டை போட்டது.

பெஞ்சிலிருந்து அந்த அம்மா எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் நின்னப்பகூட இவ்வளவு கூட்டம் வந்ததில்லைங்க," என்றாள், கொஞ்சம் வருத்தமாக.